புத்தகத்துக்கு நாட்டெல்லை வந்த கதை

மின்னூல் கடையில் ஒரு நூலைத் தேடும்போது அட்டைப்படம் தெரியும், ஆசிரியர் குறிப்பு தெரியும், படித்தவர்கள் கொடுத்த நட்சத்திரங்களும் தெரியும். 'வாங்கு' பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், இந்த நூல் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை என்று ஒரு வரி நிற்கும். கோப்பு அதேதான், கணினியும் அதேதான், பணம் கொடுக்க ஆளும் தயார். தடை தொழில்நுட்பத்தில் இல்லை. எழுத்தாளரும் பதிப்பாளரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், நாடுகளின் பெயர்கள் அடங்கிய ஓர் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை வாசகர் பார்த்ததில்லை, அதற்கு ஒப்புதல் தந்ததுமில்லை. ஆனாலும் அது அவரைக் கட்டுப்படுத்துகிறது. கப்பலில் புத்தகம் போன காலத்தில் போட்ட இந்த வேலி, கப்பலே தேவைப்படாத காலத்தில் முன்னைவிட இறுக்கமானது எப்படி என்பதே இதன் வரலாறு.

ஒரு நூலின் பதிப்புரிமை ஒற்றைப் பொருள் போலத் தோன்றினாலும், விற்பனையில் அது பல துண்டுகளாகப் பிரியும். மொழி ஒரு துண்டு, கெட்டி அட்டை, மென்னட்டை, ஒலிநூல், மின்னூல் என்ற வடிவங்கள் வேறு துண்டுகள், நாடுகள் இன்னொரு துண்டு. ஆங்கில நூல்களில் இந்த நாட்டுப் பிரிவினை பொதுவாக மூன்று கட்டங்களாக இருந்துவந்தது: அமெரிக்கப் பதிப்பாளருக்கு மட்டும் உரிய பகுதி, பிரிட்டிஷ் பதிப்பாளருக்கு மட்டும் உரிய பகுதி, இருவரும் போட்டி போட்டு விற்கக்கூடிய 'திறந்த சந்தை'. அமெரிக்காவின் பங்கில் அந்நாடும் அதன் ஆட்சிப்பகுதிகளும் பிலிப்பைன்ஸும் வரும். பிரிட்டனின் பங்கில் பழைய சாம்ராஜ்யம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஐரோப்பியக் கண்டம் பெரும்பாலும் திறந்த சந்தை. இந்தியா எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பங்கீட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. அன்றைய அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளருக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. லண்டனில் வெளியான நாவல் சில வாரங்களில் நியூயார்க்கில் மலிவாக அச்சேறிவிடும். அந்தப் பிரதிகள் கனடாவுக்கும் மற்றக் குடியேற்றங்களுக்கும் பரவின. பிரிட்டனின் 1842ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய வெளிநாட்டு மறுபதிப்புகள் சாம்ராஜ்யத்துக்குள் நுழைவதைத் தடைசெய்தது. சட்டம் போட்டால் போதுமா? லண்டன் விலையில் நாவல் வாங்கக் குடியேற்ற நாடுகளின் வாசகருக்கு வசதி இல்லை. எனவே 1847இல் இன்னொரு சட்டம் வந்தது. குடியேற்ற அரசுகள் ஆசிரியருக்கென ஒரு தீர்வையை வசூலித்துக் கொடுப்பதானால் அந்த மறுபதிப்புகளை உள்ளே விடலாம் என்றது அது. ஆசிரியர்கள் கைக்கு வந்த தொகை சொற்பமே.

ஐரோப்பாவில் இதே பிரச்சினைக்கு வேறு வடிவம். லைப்சிக் நகரத்து டவுக்நிட்ஸ் நிறுவனம் 1841 முதல் பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் நூல்களை ஆங்கிலத்திலேயே மலிவான சிறு பதிப்புகளாக வெளியிட்டது. சட்டம் கேட்காத காலத்திலேயே எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுத்து உரிமை பெறத் தொடங்கிய நிறுவனம் என்பதால் அதற்கு நல்ல பெயர். ஆனால் அந்த உரிமை ஐரோப்பியக் கண்டத்துக்கு மட்டும். பிரிட்டனுக்குள்ளோ அதன் குடியேற்றங்களுக்குள்ளோ இந்நூலைக் கொண்டுபோகக் கூடாது என்ற எச்சரிக்கையை நூல்களிலேயே அச்சிட்டார்கள். ரயிலில் படித்துக்கொண்டு வந்த நாவலை டோவர் துறைமுகச் சுங்க அதிகாரியிடம் பறிகொடுப்பது அக்காலப் பயணிகளுக்கு நேரக்கூடிய ஒன்று. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே மறைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. காசு கொடுத்து நியாயமாக வாங்கிய, ஆசிரியருக்கும் உரிய பங்கு போன ஒரு நூல், எல்லையைத் தாண்டிய கணத்தில் கள்ளச் சரக்காகிவிட்டது. பின்னால் வந்த வழக்குகள் பல இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே நடந்தன.

லண்டன் பதிப்பாளர்கள் கண்ட வணிகத் தீர்வு, 'குடியேற்றப் பதிப்பு'. ஜான் மரே 1843இல் தொடங்கிய மலிவு வரிசை அந்தத் திசையில் முன்னோடி. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. மாக்மில்லன் நிறுவனம் 1886இல் தொடங்கிய வரிசைதான் நிலைத்தது. லண்டனில் மூன்று தொகுதிகளாக அதிக விலைக்கு விற்ற நாவல், ஒரே தொகுதியாக, எளிய கட்டில், குறைந்த விலையில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியது. இந்தியாவிலும் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலும் மட்டும் புழங்குவதற்கு என்ற குறிப்பு அதில் இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் வாங்கிய மலிவுப் பதிப்பு லண்டன் கடைக்குத் திரும்பிப் போய் அங்கே விலையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒரே நூலுக்கு இடத்துக்கு இடம் வேறு விலை வைக்க வேண்டுமானால் நடுவில் சுவர் வேண்டும். குடியேற்றப் பதிப்பு அந்தச் சுவரை அட்டையிலேயே கட்டியது.

அமெரிக்கா 1891இல் சேஸ் சட்டத்தின் வழியாக வெளிநாட்டு எழுத்தாளருக்கும் பதிப்புரிமை தந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: நூல் அமெரிக்காவிலேயே அச்சுக் கோக்கப்பட வேண்டும். அச்சுத் தொழிலாளர்களின் பிழைப்பைக் காக்க வந்த நிபந்தனை இது. அதன் விளைவோ பதிப்புலகையே இரண்டாக்கியது. அதுவரை திருட்டுக்குப் போன அமெரிக்க உரிமை, இப்போது விலை பேசி விற்கக்கூடிய சொத்தாயிற்று. நியூயார்க்கில் தனிப் பதிப்பாளர், தனி அச்சு, தனி ஒப்பந்தம் என்ற முறை ஊன்றியது. ஒரே மொழியில் எழுதிய நூலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தங்கள் பங்கைச் சங்கமாகச் சேர்ந்து காக்க முடிவெடுத்தார்கள். 1947இல் உருவான 'பிரிட்டிஷ் பதிப்பாளர் மரபுச் சந்தை ஒப்பந்தம்' அதன் விளைவு. அமெரிக்க நூலொன்றின் உரிமையை வாங்கும் பிரிட்டிஷ் பதிப்பாளர், சாம்ராஜ்யச் சந்தை முழுவதையும் சேர்த்தே வாங்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் உரிமையே வாங்கக் கூடாது என்பது இதன் சாரம். இந்தியா அரசியல் விடுதலை பெற்ற அதே ஆண்டில், புத்தகச் சந்தையில் அது பிரிட்டனின் பகுதி என்று மறுபடியும் எழுதிவைக்கப்பட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்த கேலி என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேதிகள் அப்படி அமைந்துவிட்டன. அமெரிக்க நீதித்துறை 1974இல் 21 அமெரிக்கப் பதிப்பாளர்கள் மீது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 1976இல் சமரசத் தீர்ப்போடு அது முடிந்து, பிரிட்டிஷ் ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. கூட்டாகப் பங்கு போட்டுக்கொள்வதைத்தான் தீர்ப்பு தடுத்தது. ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாகப் பேசி அதே நாடுகளை அதே பதிப்பாளருக்கு எழுதிக்கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. பட்டியல்கள் பெரிதாக மாறவில்லை.

அச்சு நூலின் வேலியில் எப்போதும் ஓட்டைகள் இருந்தன. அவற்றை எவ்வளவு விடுவது என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் பாப்ஸ்-மெரில் வழக்கில் ஒரு கோட்பாட்டை நிறுவியிருந்தது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று நூலில் அச்சிட்டிருந்த பதிப்பாளர், குறைத்து விற்ற கடைக்காரர் மீது வழக்குப் போட்டார். பிரதியை ஒருமுறை விற்றபின் அதன் அடுத்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை என்றது நீதிமன்றம். இதற்கு 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்று பெயர். பழைய புத்தகக் கடைகளும் இரவல் நூலகங்களும் சட்டப்படி மூச்சுவிடுவது இதனால்தான். வெளிநாட்டில் அச்சிட்டு விற்ற பிரதிக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் தீராமல் இருந்தது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர், ஊரிலிருந்த உறவினர்களை வைத்து ஜான் வைலி நிறுவனத்தின் ஆசிய மலிவுப் பதிப்புப் பாடநூல்களை வாங்கி வரவழைத்து இணையத்தில் விற்றார். எட்டு நூல்களுக்காக ஆறு லட்சம் டாலர் இழப்பீடு தருமாறு கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. 2013 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. எங்கே அச்சிட்டால் என்ன, முறைப்படி அச்சிட்டு விற்ற பிரதியானால் வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம்.

ஆஸ்திரேலியா இடைவழி ஒன்றைப் பிடித்தது. உலகில் எங்காவது ஒரு நூல் வெளியான 30 நாளுக்குள் ஆஸ்திரேலியாவிலும் வெளியிட்டால்தான் உள்ளூர் உரிமையாளருக்கு இறக்குமதித் தடையின் பாதுகாப்பு என்று 1991இல் சட்டம் திருத்தப்பட்டது. தாமதித்தால் கடைக்காரர் எங்கிருந்தும் வரவழைக்கலாம். லண்டன் பதிப்பாளர் தனக்குச் சௌகரியப்பட்டபோது அனுப்பும் வரை காத்திருந்த வாசகர்களின் எரிச்சலில் பிறந்த விதி இது. நியூசிலாந்து 1998இல் வேலியையே பிடுங்கிப் போட்டது.

இந்தியாவில் இந்தக் கதைக்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த ஒரு முகம் உண்டு. 1960 முதல் 1997 வரை பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் வந்த ஈ.எல்.பி.எஸ். பாடநூல்களை வைத்துப் படித்த மருத்துவ, பொறியியல் மாணவர் தலைமுறையே இருக்கிறது. குறைந்த விலை, குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் விற்பனை என்பவை அவற்றில் கூடவே வந்தன. பின்னர் 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்ற வரி ஆங்கிலத்தில் அட்டையில் பளிச்சென்று வரத் தொடங்கியது. தாள் மங்கல், உள்ளே படங்கள் கறுப்பு வெள்ளை, விலையோ அமெரிக்கப் பதிப்பின் ஒரு சிறு பங்கு. குடியேற்றப் பதிப்பின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

இந்த வேலிக்கு டெல்லி உயர் நீதிமன்றம் இரு பக்கத்திலிருந்தும் பலம் சேர்த்தது. 1984இல் பெங்குவின் நிறுவனம், இந்தியா புக் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் மீது போட்ட வழக்கு உள்ளே வரும் புத்தகங்களைப் பற்றியது. பெங்குவினுக்கு இந்திய உரிமை இருந்த 23 நூல்களின் அமெரிக்கப் பதிப்புகளை விநியோகஸ்தர் இறக்குமதி செய்து விற்றார். அமெரிக்காவில் முறைப்படி அச்சான நூல்கள்தாம், ஆனாலும் இந்தியாவில் விற்பதற்காகக் கொண்டுவருவது உரிமை மீறல் என்று தீர்ப்பானது. 2010இல் வைலி நிறுவனத்தின் இன்னொரு வழக்கு வெளியே போகும் புத்தகங்களைப் பற்றியது. இங்கே வாங்கிய மலிவுப் பதிப்புகளை இணையம் வழியே மேலை நாடுகளுக்கு விற்றதும் மீறல் என்றது நீதிமன்றம். ஆசிரியர் அனுமதியோடு வெளிநாட்டில் வெளியான பிரதியை இறக்குமதி செய்வது குற்றமாகாது என்ற விதியைச் சேர்க்க 2010ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்த மசோதாவில் முயன்றார்கள். பதிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2012இல் சட்டம் நிறைவேறியபோது அந்த விதி அதில் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் ஒரு சின்ன விலக்கு எப்போதும் இருந்துவருகிறது. இறக்குமதி செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு நூலின் ஒரே ஒரு பிரதியை வரவழைத்தால் அது மீறல் ஆகாது. மதுரையில் இருக்கும் வாசகர் நியூயார்க் கடைக்குப் பணம் அனுப்பி, இந்தியாவில் விற்க உரிமையில்லாத பதிப்பைத் தபாலில் வாங்கினால் சட்டம் அவரைத் தொடாது. விற்பனை நடந்த இடம் நியூயார்க், கடைக்காரரும் தன் எல்லைக்குள்தான் விற்றார், வாங்கியவர் ஒரே ஒரு பிரதியைத்தான் வரவழைத்தார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

மின்னூல் வந்தபோது குலைந்தது இந்த ஏற்பாடுதான். பிரதி எங்கே விற்கப்படுகிறது என்ற கேள்விக்குப் பதிப்பாளர்கள் வேறு விடை சொன்னார்கள்: வாங்குபவர் எங்கே இருக்கிறாரோ அங்கே. கடையின் கணினி எந்த ஊரில் இருந்தாலும், மதுரை வாசகர் பொத்தானை அழுத்தினால் விற்பனை நடந்த இடம் இந்தியா. எனவே இந்திய உரிமை இல்லாதவர் விற்கக் கூடாது. தபாலில் தாராளமாக வாங்கக்கூடிய அதே நூலை, அதே கடையில், அதே வாசகர் கோப்பாக வாங்க முடியாமல் போனதன் காரணம் இந்த ஒரு விளக்கம்தான். அச்சு நூலில் வேலி கடைக்காரருக்கும் சுங்கத்துக்கும் இடையில் இருந்தது. மின்னூலில் அது வாசகரின் வீட்டு வாசலுக்கு வந்தது.

ஆரம்பத்தில் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவாக இல்லை. 1960களில் எழுதிய ஒப்பந்தங்களில் மின்னூல் என்ற சொல்லே கிடையாது. 'நூல் வடிவில்' வெளியிடும் உரிமை என்றால் அதில் மின்னூலும் அடங்குமா? ராண்டம் ஹவுஸ் நிறுவனம் ரோசெட்டா புக்ஸ் என்ற சிறு மின்பதிப்பு நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், அடங்காது என்று 2001இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நின்றது. கர்ட் வானகட், வில்லியம் ஸ்டைரன் நாவல்கள் அந்த வழக்கில் இருந்தன. பழைய நூல்களுக்கு மின்னூல் உரிமையை நாடு நாடாக மறுபடி பேச வேண்டியதாயிற்று. பேசி முடிக்காத நாடுகளில் அந்த நூலை விற்க யாருக்கும் உரிமை இல்லை. 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்ற வரிக்குப் பின்னால் பல சமயம் யாருடைய பிடிவாதமும் இருக்காது. அந்த நாட்டை யாரும் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அமேசான் தன் கிண்டில் கருவியை 2007 நவம்பரில் அமெரிக்காவுக்கு மட்டும் வெளியிட்டது. 2009 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கருவி போனது. கருவி போன வேகத்தில் நூல்களின் உரிமை போகவில்லை. நாட்டுக்கு நாடு நூற்பட்டியல் வேறாக இருந்தது. இந்தியாவுக்கான கிண்டில் கடை 2012 ஆகஸ்டில் திறந்தது. தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்கள் அதில் 2016 இறுதியில் சேர்ந்தன.

2010இல் ஆப்பிளின் ஐபேடு வந்தபோது அமெரிக்காவின் ஆறு பெரும் பதிப்பாளர்களில் ஐவர் 'முகவர் முறை'க்கு மாறினார்கள். அதுவரை கடை நூலை மொத்த விலைக்கு எடுத்துத் தன் விலைக்கு விற்றது. புதிய முறையில் விற்பவர் பதிப்பாளரே. கடை வெறும் முகவர், கமிஷன் வாங்குபவர். விலையை உயர்த்த ஆப்பிளோடு கூடிச் செய்த சதி என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் இது பேர் பெற்றது. எல்லைப் பிரச்சினையில் இதன் விளைவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பதிப்பாளரே நேரடி விற்பனையாளர் ஆனதும், தன் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டில் ஒரு பிரதி விற்றாலும் அது அவர் கையாலேயே நடந்த மீறல். கடைக்காரர் மேல் பழி போட வழியில்லை. கண்டும் காணாமல் விட்ட காலம் அத்தோடு முடிந்தது.

வேலி இன்று எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நூலின் விவரக் கோப்பில் பார்க்கலாம். பதிப்பாளர்கள் கடைகளுக்கு அனுப்பும் தகவல், ஓனிக்ஸ் என்ற பொதுத் தரத்தில் அமைந்திருக்கும். தலைப்பு, ஆசிரியர், விலை ஆகியவற்றோடு விற்பனை உரிமைக்கென ஒரு பகுதி. அதில் நாடுகள் ஈரெழுத்துச் சுருக்கங்களாக வரிசையாக நிற்கும்: பிரிட்டனுக்கு ஜி.பி., அயர்லாந்துக்கு ஐ.இ., ஆஸ்திரேலியாவுக்கு ஏ.யு., இந்தியாவுக்கு ஐ.என். உலகம் முழுவதும் என்பதற்குத் தனிக் குறியீடு உண்டு. நூறு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நாடு அந்த வரியில் இரண்டு எழுத்து. தட்டச்சு செய்பவர் அதை விட்டுவிட்டால் அந்த நூல் இந்தியக் கடையில் தோன்றாது. கடையின் கணினி, கணக்கில் பதிந்த நாடு, கிரெடிட் கார்டின் முகவரி, இணைய இணைப்பின் எண் ஆகியவற்றைப் பார்த்து வாசகர் எங்கிருக்கிறார் என்று முடிவுகட்டி, இந்த வரியோடு ஒப்பிடும். டோவர் சுங்க அதிகாரிக்காவது கண்ணை மூடிக்கொள்ளத் தெரியும்.

இந்த வேலிக்குப் பதிப்புரிமைக் காலமும் ஒரு கம்பி சேர்க்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார். ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்ற அன்றைய கணக்குப்படி ஆஸ்திரேலியாவில் அவர் நூல்கள் 2001இல் பொதுச்சொத்தாயின. 60 ஆண்டுக் கணக்குள்ள இந்தியாவில் 2011இல். 70 ஆண்டுக் கணக்குள்ள பிரிட்டனில் 2021இல். அமெரிக்காவிலோ '1984' நாவலுக்கு 2044 இறுதிவரை உரிமை உண்டு. 2009 ஜூலையில் கிண்டில் கடையில் ஒரு நிறுவனம் அமெரிக்க உரிமை இல்லாமலே ஆர்வெல் நூல்களை விற்றுவிட்டது. தெரியவந்ததும் அமேசான் கடையிலிருந்து நீக்கியதோடு நிற்காமல், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் அவற்றை அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிந்த நூல்களில் '1984'உம் ஒன்று என்பதை உலகப் பத்திரிகைகள் விடவில்லை. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வாங்கிய நூல் வாங்கியவரிடம் இல்லை, நிறுவனத்தின் பிடியில்தான் இருக்கிறது என்பதை வாசகர்கள் கண்ணால் கண்ட நாள் அது.

நுகர்வோரின் சட்ட நிலை இங்கேதான் அச்சு நூலிலிருந்து அடியோடு பிரிகிறது. பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருந்தாலும் கடையின் நிபந்தனைகள் இதை விற்பனை என்று சொல்வதில்லை. படிப்பதற்கான உரிமம் என்கின்றன. உரிமம் என்றால் முதல் விற்பனைக் கோட்பாடு பொருந்தாது. கிர்ட்சேங் வழக்கில் வென்ற உரிமை மின்னூலுக்கு வராது. ஐரோப்பாவில் இதற்கு ஒரு வாசல் திறப்பதுபோல் தோன்றியது. ஆரக்கிள் நிறுவனத்துக்கு எதிரான யூஸ்ட்சாஃப்ட் வழக்கில், பதிவிறக்கி வாங்கிய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் சொன்னது. அதை நம்பி நெதர்லாந்தில் டாம் கபினெட் என்ற நிறுவனம் பழைய மின்னூல்களை விற்றது. 2019 டிசம்பரில் அதே நீதிமன்றம், மின்னூல் வேறு என்றது. காகிதம் கசங்கும், அட்டை கிழியும். கோப்பு பழையதாவதில்லை, பழைய கோப்பு புதியதோடு நேரடியாகப் போட்டி போடும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பழையதாகாத பொருளுக்கு முழு விலை கொடுத்தவருக்கு அதை விற்கவும் முடியாது, பக்கத்து நாட்டில் வாங்கவும் முடியாது என்ற நிலையை அது உறுதியாக்கிவிட்டது.

ஒரே சந்தை என்று பெருமைப்படும் ஐரோப்பிய ஒன்றியம், வாடிக்கையாளர் இருக்கும் நாட்டைப் பார்த்து விற்பனையை மறுக்கும் 'புவித்தடை'க்கு எதிராக 2018இல் தனி விதியே கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 3 முதல், வேறு உறுப்பு நாட்டவர் என்பதற்காக ஒரு கடை வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக் கூடாது, அவர் கார்டை மறுக்கக் கூடாது. துணிக்கும் பாத்திரத்துக்கும் இது முழுதாகப் பொருந்தும். மின்னூல், இசை போன்ற பதிப்புரிமைப் பொருள்களை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். ஆக, பெர்லின் வாசகர் பாரிஸ் கடையின் இணையதளத்தைத் தடையின்றிப் பார்க்கலாம், வாங்க மட்டும் உறுதி இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி கொஞ்சம் ஆறுதல் தந்தது. சந்தா கட்டிய மின்னூல், திரைப்படச் சேவைகள் வாடிக்கையாளர் வேறு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் அங்கே வேலை செய்ய வேண்டும். போட்டிச் சட்டத்தின் பக்கமிருந்தும் ஒரு குத்து விழுந்தது. கணினி விளையாட்டுகளை மலிவு நாடுகளில் வாங்கிப் பிற உறுப்பு நாடுகளில் இயக்க முடியாதபடி அவற்றை இயக்கும் குறியீட்டுச் சாவிகளைப் பூட்டியதற்காக வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து விளையாட்டுப் பதிப்பாளர்களுக்கும் 2021இல் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம். பதிப்புரிமை இருக்கிறது என்பது சந்தையைக் கூறுபோடக் கேடயமாகாது என்று 2023இல் ஒன்றியத்தின் நீதிமன்றமும் உறுதிசெய்தது. புத்தகப் பதிப்பாளர்களின் ஒப்பந்தங்களை இதுபோல் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2013இல் தந்த அறிக்கை இன்னும் துணிச்சலானது. ஆஸ்திரேலியர்கள் மென்பொருளுக்கும் இசைக்கும் நூலுக்கும் கூடுதல் விலை கொடுப்பதை 'ஆஸ்திரேலிய வரி' என்றே அது அழைத்தது. புவித்தடையைச் சுற்றிப் போக நுகர்வோருக்கு உரிமை உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

தடையைச் சுற்றிப் போகும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: வேறு நாட்டு முகவரி, வி.பி.என்., பரிசு அட்டை. பொய்யான முகவரி கொடுப்பது கடையோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது. அதற்குக் கடை தரக்கூடிய தண்டனை கணக்கை முடக்குவது. ஒரு நூலுக்காகக் கணக்குப் போனால், பத்தாண்டுகளாகச் சேர்த்த எல்லா நூல்களும் கூடப் போகும் என்பதால் அந்தத் தண்டனை சிறிதல்ல. நகலெடுக்க முடியாதபடி கோப்பில் போட்ட மின்பூட்டை உடைப்பது வேறு விவகாரம். இந்தியச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். சட்டம் தடுக்காத ஒன்றைச் செய்வதற்காக உடைத்தால் குற்றமில்லை என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. 51ஆம் பிரிவின் 'சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி' என்ற பழைய விலக்கு மின்னூலுக்கும் நீளுமா என்பது சட்டத்தில் எழுதப்படவில்லை. காகிதத்தை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் அது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை எதிர்க்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது. அது கிடைத்த சேவையில் குறை இருந்தால் உதவும். விற்க மாட்டேன் என்பவரை விற்கவைக்க உதவுவது கடினம்.

பிரிட்டன் 2015இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 தொடக்கத்திலும் மின்பொருள்களின் தரத்துக்கு நுகர்வோர் உரிமைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், உரிமத்தை மட்டும் தரும் கடை அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இவை எதுவும் எல்லையைத் தொடவில்லை. பொத்தானின் மேல் எழுதியிருப்பது உண்மையா என்பதோடு நிற்கின்றன.

விலையே இல்லாத நூல்களையும் வேலி விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் புராஜெக்ட் குடன்பர்க் பொதுச்சொத்தான நூல்களை இலவசமாகத் தருவது. தாமஸ் மான், ஹைன்ரிஷ் மான், ஆல்ஃபிரட் டோப்லின் ஆகிய மூவரின் 18 நூல்கள் அதில் இருந்தன. அமெரிக்காவில் அவற்றுக்கு உரிமை தீர்ந்துவிட்டது, ஜெர்மனியில் தீரவில்லை. எஸ். ஃபிஷர் பதிப்பகம் ஃபிராங்ஃபர்ட்டில் வழக்குப் போட்டது. குடன்பர்க்குக்கு ஜெர்மனியில் அலுவலகம் இல்லை, கணினி இல்லை. ஆனாலும் தளம் ஜெர்மானிய வாசகரை நோக்கியும் இருக்கிறது என்று 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் முடிவுசெய்து, அந்நூல்களை ஜெர்மனியில் தடுக்க உத்தரவிட்டது. குடன்பர்க் 18 நூல்களை மட்டும் மறைக்கவில்லை. ஜெர்மனி முழுவதற்கும் தளத்தையே மூடியது. கதேயும் ஷில்லரும் ஆயிரக்கணக்கான மற்ற நூல்களும் மூன்றரை ஆண்டுக்கு மேல் அங்கே கிடைக்காமல் போயின. 2021 அக்டோபரில் இரு தரப்பும் சமரசமாகித் தளம் திறந்தது. அந்தப் 18 நூல்கள் மட்டும் உரிமைக் காலம் தீரும்வரை ஜெர்மனிக்கு அடைத்தே வைக்கப்படும் என்பது உடன்பாடு. ஹைன்ரிஷ் மானின் காலம் 2020 இறுதியிலேயே தீர்ந்திருந்தது. தாமஸ் மானுடையது 2025 இறுதியில் தீர்ந்தது. டோப்லின் 1957இல் இறந்தவர் என்பதால் அவர் நூல்களுக்கு 2027 டிசம்பர் 31 வரை.